கீழே பீங்கான், மேலே டிராம்

கோப்பையில் தேநீர் இல்லை. சுண்ணாம்புத் தூள் இருந்தது.

சென்ற வாரம் அங்கேதான் விட்டோம். வீட்டுக்கு நாலு நல்ல கோப்பை எடுத்து வரலாம் என்று கடையின் கீழ்க்குடோனுக்குப் போன மாமியார், கூரையிலிருந்து உதிர்ந்த தூளைக் கோப்பையோடு அப்படியே கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தார். கணவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புன்னா உதிரத்தான் செய்யும்" என்று சொல்லிப் படுக்கப் போய்விட்டார். தூங்கினாரா என்பது அவருக்கும் தலையணைக்கும்தான் தெரியும்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக. அந்தக் கணவர் நகரத்தின் நடுவில், கடைத்தெருவில், பீங்கான் வியாபாரி. தட்டு, கோப்பை, கிண்ணம், மொத்தமும் சில்லறையும். தெருவில் இவருக்குப் பெயர் 'கடைசி விலை'. "இதுதான் கடைசி விலை" என்று சொல்லிவிட்டு அதற்குக் கீழே இன்னும் மூன்று படி இறங்கக்கூடியவர் என்பதால் வந்த பெயர். நகரத்தின் நடுவில் கார்கள் ஒன்றின் பின்னால் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன என்று ஸ்டேஷனோடு நின்றிருந்த டிராம் பாதையைக் கடைத்தெரு வழியாக நீட்டினார்கள். எதிர்த்துக் கொடி பிடித்தவர்களில் முதல் ஆள் கடைசி விலை. அதே டிராமில் ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்தவள் அவருடைய மருமகள். அந்தச் சண்டையில் வீட்டில் எத்தனை சாப்பாடு ஆறிப்போனது என்பதெல்லாம் பழைய அத்தியாயங்கள். மகன் கொள்முதலுக்கு வெளியூர் போயிருக்கிறான். தேவைப்படும்போது அவன் வெளியூரில் இருப்பது இந்த வீட்டில் புதிதில்லை.

இன்று காலை மருமகள் சீருடையோடு சாப்பிட உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு வண்டி நான்தான் எடுக்கறேன் மாமா."

"எந்த வண்டி?"

"நம்ம தெருவுல சோதனை ஓட்டம். சீனியருக்குக் காய்ச்சல். விடிஞ்சதும் போன் வந்துச்சு."

கடைசி விலையின் கையில் இருந்த ரொட்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"காலி வண்டிதானே?"

"காலியா ஓட்டினா அது என்ன சோதனை? சீட்டுக்கு சீட்டு மணல் மூட்டை. நிக்கற இடத்துலயும் மூட்டை. ஜனங்க நெரிஞ்சு ஏறினா என்ன கனமோ, அதுக்கு மேலேயே இருக்கும்."

"நாளைக்கு எடுக்கலாமே."

"நாளைக்கு சீனியர் எழுந்துடுவாரு."

"பாதி மூட்டை ஏத்தி ஓட்டினா ஒத்துக்க மாட்டாங்களா?"

"மாமா, இது சரக்கு இல்ல."

"சரி, முக்கால்."

மருமகள் சிரித்துவிட்டாள். "தூக்கத்துல கூட பேரம் பேசுவீங்கன்னு அத்தை சொன்னாங்க. நான் நம்பல."

மாமியார் சிரிக்கவில்லை. கணவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை ரொட்டியை வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தது. சரக்கைச் சோதிப்பதுபோலத் தட்டின் ஓரத்தை அதால் இரண்டு முறை தட்டிப் பார்த்தது.

"வாசல்ல நின்னு பாருங்க அத்தை. நம்ம கடை வந்ததும் உங்களுக்குன்னே ஒரு மணி அடிக்கறேன்" என்று சொல்லிவிட்டு மருமகள் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இந்தப் பாதை போட ஆரம்பித்த நாளிலிருந்து அவள் காத்திருந்த நாள் இது. செருப்புச் சத்தத்திலேயே அது தெரிந்தது.

வாசற்கதவு மூடியதும் மாமியார் கேட்டார். "இப்பவாவது சொல்லிடறீங்களா?"

"என்னத்தை?"

"குடோன் எது வரைக்கும் போகுதுங்கறதை."

அவர் சட்டை மாற்றப் போனார்.

குடோன் எது வரைக்கும் போகிறது? கடைத்தெருவில் மேலே இடம் கிடையாது. ஆகவே அந்தக் காலத்திலேயே எல்லாரும் கீழே தோண்டினார்கள். கடைக்குக் கீழே தோண்டியவர்கள் அங்கேயே நிற்கவில்லை. தெருவுக்கு அடியிலும் போனார்கள். வாடகை கேட்க ஆள் இல்லாத இடத்தை எந்த வியாபாரி விடுவான்? கடைசி விலையின் அப்பா மற்றவர்களைவிட ஆசைக்காரர். அவருடைய குடோன் தெருவைக் குறுக்கே கடந்து எதிர் நடைபாதைவரை போய் நின்றது. மேலே இருப்பது பார்வைக்கு வைத்த சாமான். கடை என்பதே கீழேதான்.

டிராம் பாதைக்கு அளவெடுக்க வந்த அதிகாரி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டார். "உங்க குடோன் எது வரைக்கும் ஐயா?"

"கடைச் சுவர் வரைக்கும்."

கடைசி விலையின் அகராதியில் இது பதிலே அல்ல. பேச்சின் தொடக்கம். அதிகாரி இப்போது, "என்ன ஐயா இது, நம்பற மாதிரி சொல்லுங்க" என்பார். இவர் பெருமூச்சு விட்டு, "கொஞ்சம் முன்னால போகும்" என்பார். அவர் தலையாட்ட மாட்டார். இவர் இன்னும் கொஞ்சம் இறங்குவார். இரண்டு தேநீருக்குள் உண்மைக்குப் பக்கத்தில் எங்காவது வந்து நிற்பார்கள். தேநீருக்குக்கூடச் சொல்லி அனுப்பியாகிவிட்டது.

அதிகாரி, "நன்றி ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

தேநீர் வந்தது. குடிக்க ஆளில்லை. இவர் சொன்ன முதல் விலையை எதிராளி அப்படியே வாங்கிக்கொண்டு போனது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அன்றைக்கு ஏறிய பயம் அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. பிறகு பூமிக்கு அடியில் பார்க்கும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அன்று பார்த்து இவர் கடை வாசலில் சரக்கு லாரி. சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும், இன்று சொன்னால் ஏன் போன வாரம் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தள்ளிப் போட்டார். சொன்னால் குடோனைக் கான்கிரீட் ஊற்றி மூடுவார்கள். குடோன் போனால் கடை போச்சு. தண்டவாளம் வந்து உட்கார்ந்துவிட்டது. இன்று வண்டி.

கடையைத் திறந்ததும் நேரே கீழே இறங்கினார்.

பீங்கான்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விற்குமுன் ஒவ்வொரு சாமானையும் விளிம்பில் நகத்தால் சுண்டிப் பார்ப்பார்கள். நல்ல சாமான் மணி மாதிரி பேசும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் மொத்தென்று ஒரு சத்தம் வரும். கடைசி விலை கதவு திறக்கும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போய்த் தூண்களைத் தட்டினார். படிக்கட்டுக்குப் பக்கத்துத் தூண் நன்றாகப் பேசியது. அடுத்ததும் பேசியது. தெருவுக்கு நேர் அடியில் இருந்ததைத் தட்டினார்.

மொத்.

கொஞ்சம் மேலே தட்டினார். கொஞ்சம் கீழே தட்டினார். ஏதோ அது ஒப்புக்கொள்ளும்வரை கேட்டுப் பார்ப்பதுபோல. அது தன் சொல்லை மாற்றவில்லை. கூரை விரிசலின் குறுக்கே போன மாதம் அவர் ஒட்டி வைத்திருந்த காகிதப் பட்டை நடுவில் கிழிந்திருந்தது.

மேலே ஏறி வந்தபோது பக்கத்து விளக்குக்கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, வேர்த்திருக்கு."

"கீழ தட்டிப் பாத்தேன்."

விளக்குக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கு அண்ணே தட்டறீங்க? தட்டினாத்தானே சத்தம். எனக்கும்தான் கீழ இருக்கு. நானும்தான் குறைச்சுச் சொன்னேன். தெருவே குறைச்சுச் சொல்லியிருக்கு."

"உனக்கு தண்டவாளத்தோட ஓரம் வரைக்கும்தான். எனக்கு அந்தக் கரை வரைக்கும்."

"அதனால என்ன? அவங்களும் கூட்டி வெச்சிருப்பாங்க. எஞ்சினியர்னா மட்டும் என்ன, நாப்பது டன் தாங்கும்னு சொன்னா எண்பதுக்குப் போட்டிருப்பான். நாமளே அப்படித்தானே சொல்வோம்?"

இதையேதான் கடைசி விலையும் இத்தனை நாளாகத் தனக்குத்தானே சொல்லி வந்தார். இன்று வேறொருவர் வாயால் கேட்கும்போது அது விளிம்பு உடைந்த சரக்காகத் தெரிந்தது. அவர்கள் கூட்டி வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கூடுதலைத்தான் இவர் எப்போதோ சாப்பிட்டுவிட்டாரே.

"அண்ணே, நீங்க வாயத் திறந்தா உங்க கடையோட போகாது. வரிசையா எல்லாருக்கும் பூட்டு விழும்" என்றார் விளக்குக்கடைக்காரர். பிறகு சமாதானமாக, "ஓட்டறது உங்க மருமகதானே? பாத்து மெதுவாத்தான் ஓட்டும்" என்றார்.

சில ஆறுதல்களைக் கேட்டால் அழுகைதான் வரும்.

தெருவின் இரண்டு பக்கமும் தடுப்பு வைக்க ஆரம்பித்திருந்தார்கள். மஞ்சள் சட்டை போட்டவர்கள் அங்கங்கே நின்றார்கள். அவர்களுக்கு நடுவே புகுந்து மாமியார் கடைக்கு வந்து சேர்ந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"உங்க கணக்குல அது தாங்கும். அப்படித்தானே?"

"தாங்கும்."

"நிச்சயமா?"

"நிச்சயமாத்தான் சொல்றேன்."

"அப்ப நான் கீழ போய் உக்காந்துக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"மேல உங்க மருமக. கீழ நான். நடுவுல உங்க கடைசி விலை. தாங்கும்னா எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகாதே."

கல்யாணமான நாள் முதல் வீட்டு விஷயம் ஒவ்வொன்றிலும் இவரிடம் விட்டுக்கொடுத்தே வந்த அம்மாள். ஆனால் பிறந்தது ஜவுளி மொத்த வியாபாரிகள் வீட்டில். எதிராளி எந்த இடத்தில் பேச்சை நிறுத்துவான் என்று தெரிந்துகொண்டு அந்த இடத்தில் போய் உட்காருவது அவருக்குப் பால்குடியிலேயே வந்த கலை. இதுவரை உபயோகித்ததில்லை, அவ்வளவுதான்.

கீழே போகும் கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"திற" என்று தட்டினார்.

"சொல்லிட்டு வாங்க. திறக்கறேன்."

"வண்டி வர்ற நேரம். விளையாடாத."

"நானா விளையாடறேன்?"

காலடிகள் படி இறங்கின. முக்காலியைத் தரையில் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அது தெருப் பக்கமாகத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

கடைசி விலை வெளியே ஓடினார். தடுப்புக்கு அந்தப் பக்கம், கையில் வயர்லெஸ்ஸோடு ஒரு பெண் எஞ்சினியர் நின்றிருந்தார். தெருமுனையில் டிராமின் முகம் திரும்பிக்கொண்டிருந்தது. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு இலகு ரயில் என்று பெயர். அது வரும்போது தரை வழியாகப் பாதத்தில் ஏறிய கனத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.

"அம்மா, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். இங்க கீழ கொஞ்சம் இடம் இருக்குன்னு வெச்சுக்கோங்க."

எஞ்சினியர் வயர்லெஸ்ஸைக் காதிலிருந்து எடுத்தார். "என்ன இடம்?"

"குடோன் மாதிரி."

"தெருவுக்குக் கீழயா? ஐயா, இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"எவ்வளவு வருது?"

இங்கேதான் அவர் வாயில் உண்மை தயாராக இருந்தது. நாக்கும் புரண்டது. ஆனால் நாக்கு வாழ்ந்த வாழ்க்கை வேறு.

"ஒரு கை நீளம் வரும்."

எஞ்சினியரின் முகம் தளர்ந்தது. "அவ்வளவுதானா? பயமுறுத்திட்டீங்களே. ஒரு கை நீளத்தைத் தண்டவாளத்துக்குக் கீழ போட்ட கான்கிரீட்டே தாண்டிடும். வண்டி போகட்டும், அப்புறம் வந்து பாக்கறேன்."

மறுபடியும் முதல் விலைக்கே போய்விட்டது.

"அம்மா" என்று அவர் ஒரு எட்டு வைத்தார். எஞ்சினியர் அதற்குள் நாலடி தள்ளிப் போய் யாருக்கோ கை காட்டிக்கொண்டிருந்தார். டிராம் பாத்திரக்கடையைத் தாண்டியது. குடைக்கடையைத் தாண்டியது. கண்ணாடி வழியாக உள்ளே வரிசை வரிசையாக மூட்டைகள் பயணிகளைப்போல உட்கார்ந்திருந்தன. மணி அடித்தது. அத்தைக்கென்று அடித்த மணி. வாசலில் அத்தை இல்லை.

கடைசி விலை தடுப்புக்கு அடியில் குனிந்து நுழைந்து தண்டவாளத்தில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தார்.

பிரேக் கிரீச்சிட்டது. உள்ளே மூட்டைகள் முன்னால் சரிந்தன. டிராம் அவர் மூச்சுக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. கடை வாசலைப் பார்த்தார். முன் சக்கரங்கள் அதைத் தாண்டியே வந்திருந்தன.

மருமகள் பக்கத்துக் கண்ணாடியைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, என்ன இது? தள்ளுங்க."

"பின்னால எடும்மா."

"எதுக்கு?"

"கீழ ஒண்ணும் இல்ல."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"தரை இல்லம்மா. நம்ம குடோன்தான். எதிர் நடைபாதை வரைக்கும் போகுது. நீ நிக்கறது அது மேலதான். ஒரு அங்குலம் கூட்டல, குறைக்கல."

அவள் குனிந்து தன் காலுக்குக் கீழே பார்த்தாள். அங்கே டிராமின் தரைதான் இருந்தது. இருந்தும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தபோது கேட்டது ஒன்றே ஒன்று.

"அத்தையை வாசல்ல காணோமே. எங்க?"

அவர் விரித்த கைகளை அப்போதுதான் கீழே போட்டார்.

"கீழ."

எஞ்சினியர் ஓடி வந்துவிட்டார். ஒரு கை நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு நேரம் இல்லை. "வண்டியப் பின்னால எடுத்தே ஆகணும். நிக்க நிக்க ஆபத்து. ஆனா எடுக்கறப்ப குலுங்கும். கீழ இருக்கறவங்களை முதல்ல வெளிய கொண்டு வாங்க." மருமகளைப் பார்த்து, "நீ இறங்கிடு" என்றார்.

"நான் இறங்கிட்டா அப்புறம் இதை யாரு எடுப்பா? நீங்க யாரையாவது ஏத்துவீங்களா?" என்றாள் மருமகள். பிறகு கடைசி விலையின் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க போங்க. அத்தை வெளிய வந்துட்டாங்கன்னு நீங்க சொல்ற வரைக்கும் நான் எதையும் தொட மாட்டேன்."

கடைக்குள் ஓடினார். கதவில் இரண்டு கைகளையும் வைத்தார்.

"சொல்லிட்டேன். திற."

"எவ்வளவு சொன்னீங்க?" உள்ளேயிருந்து கேட்டது. குரல் பக்கத்தில் வந்திருந்தது.

"முழுசா."

"நிஜமாவா?"

"உன் மேல, அவ மேல, நிஜமா."

உள்ளே தாழ்ப்பாளில் கை பட்டது. இரும்பு கொஞ்சம் உராய்ந்தது. நின்றது. மறுபடியும் உராய்ந்தது.

"வரலைங்க."

"இழு."

"இழுக்கறேன். சாத்தறப்ப நல்லாத்தான் போச்சு. இப்ப நிலை சாஞ்சிருக்கு போல இருக்கு, பிடிச்சுக்கிச்சு."

அவர் தோளால் இடித்தார். விளக்குக்கடைக்காரர் எங்கிருந்தோ வந்து தானும் ஒரு தோள் கொடுத்தார். கதவுநிலைக்கு மேலேயிருந்து காரை பெயர்ந்து இருவர் தலையிலும் விழுந்ததும் இடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். நிலையில் ஏறி உட்கார்ந்திருப்பது மேலே நிற்கும் வண்டியின் கனம். வண்டி போனால் கதவு திறக்கும். கதவு திறந்தால்தான் வண்டி போகலாம். 

"என்னங்க." மாமியாரின் குரலில் இப்போது கோபம் ஒன்றும் இல்லை. "லைட்டை நீங்களா அணைச்சீங்க?"

கடைசி விலை பக்கத்துச் சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்தார். அது போட்டபடியே இருந்தது.

"இல்ல" என்றார்.

உள்ளே கை சுவரைத் தடவும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி" என்றார் மாமியார்.

தெருவிலிருந்து மருமகளின் குரல் வந்தது. "மாமா, அத்தை வந்தாச்சா? எடுக்கட்டுமா?"

எஞ்சினியரும் கேட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற தெருவே அவர் வாயைப் பார்த்தது.   கடைசி விலை தலையெல்லாம் காரையோடு வாசற்படிக்கு வந்து நின்று, மருமகள் பார்க்கும்படி, தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

மருமகள் அவரையே பார்த்தாள். பிறகு கட்டுப்பாட்டுக் கைப்பிடியிலிருந்து மெதுவாகக் கைகளை எடுத்தாள். இரண்டையும் உயர்த்தி, எதையும் தொடவில்லை என்று அவருக்குத் தெரியும்படி, முன்கண்ணாடியில் விரித்துப் பதித்து வைத்துக்கொண்டாள்.